இரண்டு ஜிபி ராமும் பாமினிக் கடிதங்களும்: பழைய லப்டொப்பில் லினக்ஸ் போடலாமா?

வாசகர் கடிதம்

ஒட்டுசுட்டான் பக்கம் இருக்கிறோம். கனடாவிலிருந்து வந்த மச்சான் தந்துவிட்டுப் போன பழைய லப்டொப் ஒன்று வீட்டில் இருக்கிறது. இன்ரெல் கோர் ஐ3-370எம், ராம் 2 ஜிபி, ஹாட்டிஸ்க் 320 ஜிபி. வின்டோஸ் 7 இருக்கிறது, '32-பிட்' என்று காட்டுகிறது. போட்டால் ஒரு பிளேன்ரீ குடித்து முடிக்கலாம், அதற்குப் பிறகுதான் திறக்கும். குரோம் இனிப் புதுப்பிக்க முடியாது என்கிறது. மகள் உயர்தரத்தில் ஐசிரி (தகவல் தொழினுட்பம்) படிக்கிறா. நான் கமக்காரர் அமைப்பின் செயலாளர். பல வருடத்துக் கடிதங்களும் கூட்ட அறிக்கைகளும் வேர்ட்டில் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் கிடக்கின்றன. டவுனில் கடைக்காரத் தம்பி வின்டோஸ் 10 போட்டுத் தாறன் என்கிறார். மகளின் ஆசிரியர் வின்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போடச் சொல்கிறார். 32-பிட் லினக்ஸில் எது நல்லது? என்னுடைய கடிதங்கள் திறக்குமா? இன்ரநெற் போனில் மட்டும்தான். பற்றரியும் செத்துப்போச்சு, கரண்ட் போனால் லப்டொப்பும் நின்றுவிடும்.

பதில்

ஐயா, முதலில் அந்த 32-பிட் விசயத்தைத் தீர்த்துவிடுவோம். ஒரே தடவையில் எவ்வளவு தரவைக் கையாளும் என்பதுதான் இந்த எண். உங்களுக்கு 32-பிட் காட்டுவது வின்டோஸ். லப்டொப்பின் புரொசசர் 64-பிட். கோர் ஐ3 என்று பெயர் உள்ள எல்லாமே 64-பிட்தான். 2 ஜிபி ராமுக்கு அது போதும் என்று யாரோ 32-பிட் வின்டோஸைப் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். ஆகவே 64-பிட் லினக்ஸையே எடுங்கள். 32-பிட்டைத் தேடிப் போனால் தெரிவு நன்றாகச் சுருங்கிவிடும். லினக்ஸில் பல வகை உண்டு. அவற்றில் உபுண்டு வகைகள் 32-பிட்டை எப்போதோ கைவிட்டன. 2025 ஓகஸ்டில் வந்த டெபியன் 13 என்ற வகையிலும் 32-பிட்டுக்கான நிறுவும் கோப்பு கிடையாது.

கடைக்காரத் தம்பியின் யோசனை சரிவராது. வின்டோஸ் 7க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரி 14இலேயே நின்றுவிட்டன. வின்டோஸ் 10க்கு 2025 ஒக்டோபர் 14 கடைசி நாள். அதையும் 2 ஜிபி ராமில், பழைய ஹாட்டிஸ்கில் போட்டால் இப்போது இருப்பதைவிட மெதுவாகத்தான் இருக்கும். வின்டோஸ் 11 உங்கள் புரொசசரை ஏற்காது.

ஆசிரியர் சொன்னது சரி. ஆனால் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: லினக்ஸ் இலகுவாக (குறைந்த ராமில் ஓடுவதாக) இருக்கலாம், பிரவுசர் இலகுவாக இருக்காது. இலகு லினக்ஸில் மிக இலகுவானது ஒன்று, எதையும் திறக்காமல் நிற்கும்போது, 300 எம்பி அளவு ராமில் இருக்கும். மகள் பயர்பொக்ஸைத் திறந்து வட்ஸ்அப் வெப் ஒன்று, யூரியூப் ஒன்று, பாடக் குறிப்பு ஒன்று என்று மூன்று பக்கம் போட்டால் ஒன்றரை ஜிபி அங்கேயே போய்விடும். மிச்சத்துக்கு லப்டொப் ஹாட்டிஸ்கை ராம் போலப் பாவிக்கத் தொடங்கும். நிமிடத்துக்கு 5400 சுற்றுச் சுற்றும் டிஸ்க் அதற்கு ஈடுகொடுக்காது, மவுஸ் நகராது, எல்லாம் உறைந்து நிற்கும். 'லினக்ஸ் போட்டும் சரிவரேல்ல' என்று பலர் சொல்வதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். எந்த லினக்ஸ் என்று ஒரு கிழமை யோசிக்கும் நேரத்தில் ராமைக் கூட்டிவிடுவது புத்தி.

ராம் வாங்குவதில்தான் பலர் பணத்தை வீணாக்குகிறார்கள், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஐ3க்குப் பிறகு மூன்று இலக்கம் வந்தால் (உங்களுடையது 370) அது முதல் தலைமுறை. நான்கு இலக்கமாக 2ஆல் தொடங்கினால் இரண்டாம் தலைமுறை. முதல் தலைமுறைக்கு வேண்டியது லப்டொப்புக்கான டிடிஆர்3, 204 பின் உள்ளது. 1066, 1333, 1600 என்று வேகம் எதுவானாலும் பரவாயில்லை, கூடிய வேகமுள்ளது தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு ஓடும். சிக்கல் வேறிடத்தில். இந்தத் தலைமுறைக்கு அடர்த்தி கூடிய சில்லுகளை வாசிக்கத் தெரியாது. 4 ஜிபி துண்டு ஒன்றில் இரு பக்கமுமாகப் பதினாறு கறுப்புச் சில்லுகள் இருக்க வேண்டும். லேபிளில் '2ஆர்எக்ஸ்8' என்று அச்சிட்டிருக்கும். எட்டுச் சில்லு மட்டும் உள்ள '1ஆர்எக்ஸ்8' 4 ஜிபி துண்டைப் போட்டால் திரை கறுப்பாகவே நிற்கும், அல்லது பீப் பீப் என்று கத்தும். துண்டில் பிழை இல்லை, வேறு லப்டொப்பில் அது ஓடும். கடைக்காரரும் 'ராம் நல்லதுதானே' என்று திருப்பி எடுக்க மாட்டார். ஆகவே வாங்குமுன் சில்லுகளை எண்ணுங்கள். பழைய துண்டைக் கழற்றிக் கையோடு கொண்டுபோனால் இன்னும் நல்லது.

அநேகமாக உங்கள் லப்டொப்பில் இரண்டு இடம் இருக்கும், ஒன்று காலியாக இருக்கக்கூடும். அதில் இன்னொரு 2 ஜிபி போட்டால் மொத்தம் 4. பதினாறு சில்லு 4 ஜிபி கிடைத்தால் மொத்தம் 6. புதிதாக இந்த வகை வருவது குறைவு, கிளிநொச்சி, வவுனியாக் கடைகளில் கழற்றிய பழையதாகக் கேளுங்கள். போடும்போது சார்ஜரைக் கழற்றி, பற்றரியையும் எடுத்துவிட்டு, பவர் பொத்தானைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். உள்ளே நிற்கும் மின் இறங்கிவிடும். பொன்னிறப் பற்களை வெள்ளை அழிறப்பரால் மெதுவாகத் துடையுங்கள். துண்டைச் சரிவாகச் செருகி, இரு பக்கக் கொளுக்கியும் 'கிளிக்' என்று பிடிக்கும்வரை கீழே அமர்த்துங்கள். முதல் முறை திரை வராவிட்டால் பயப்படாமல் கழற்றி மறுபடி போடுங்கள். பாதி நேரம் அமராததுதான் காரணம்.

கையில் இன்னும் கொஞ்சம் காசு இருந்தால் 240 ஜிபி எஸ்எஸ்டி (சுற்றும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்) ஒன்று. இரண்டரை அங்குல சாட்டா வகையைக் கேளுங்கள். சூயிங்கம் துண்டு போல நீளமாக வரும் எம்.2 உங்கள் லப்டொப்பில் போகாது. எஸ்எஸ்டியில் வேகத்தைவிடப் பெரிய நன்மை ஒன்று இருக்கிறது: பழைய ஹாட்டிஸ்கை நீங்கள் அழிக்கவே தேவையில்லை. அதைக் கழற்றி, பொலித்தீன் பையில் சுற்றி அலுமாரிக்குள் வையுங்கள். கடிதங்கள், படங்கள், வின்டோஸ் எல்லாம் அப்படியே அதில் இருக்கும். லினக்ஸ் பிடிக்கவில்லை என்றால் மறுபடி அதைப் பூட்டினால் பழையபடி. யூஎஸ்பி உறை ஒன்று வாங்கி அதைப் போட்டால் பென்ட்ரைவ் மாதிரி லினக்ஸிலேயே திறந்து பிரதி எடுக்கலாம். எஸ்எஸ்டி வாங்காவிட்டால், அமைப்பின் கோப்புகள் முழுவதையும் வேறோர் இடத்தில் பிரதி எடுத்து, அந்தப் பிரதியைத் திறந்து பார்த்த பிறகுதான் அடுத்த வேலை.

இனி எது என்ற கேள்வி. ராமை 4 ஜிபி ஆக்கினால் லினக்ஸ் மின்ற்றின் எக்ஸ்எப்சிஇ பதிப்பு. மின்ற் 22 வரிசைக்கு 2029 வரை திருத்தங்கள் வரும். எதையும் திறக்காமல் 700, 800 எம்பி ராம் எடுக்கும். மெனு, கீழ்ப்பட்டை எல்லாம் வின்டோஸ் 7ஐப் போலவே இருக்கும். லுபுண்டு இதைவிட இலகு என்று சிலர் சொல்வார்கள். அது உண்மைதான், ஆனால் அதில் பயர்பொக்ஸ் 'ஸ்னப்' என்ற பொதியாக வருகிறது, பழைய டிஸ்கில் முதல் தடவை திறக்க அது எடுக்கும் நேரத்தில் மிச்சம் பிடித்ததெல்லாம் போய்விடும். மின்ற்றில் அந்தத் தொல்லை இல்லை. 2 ஜிபியிலேயே நிற்கப் போகிறீர்கள் என்றால் அன்ரிஎக்ஸ் என்ற மிக இலகுவான லினக்ஸ். அதன் முகம் கரடுமுரடு, பழகக் கொஞ்ச நாள் எடுக்கும், பிரவுசரில் ஒரே நேரத்தில் இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம். வேறு வாசகர்களிடம் இன்ரெல் அற்றம் புரொசசர் உள்ள, உண்மையாகவே 32-பிட் ஆன பழைய நோட்புக் இருந்தால் அவர்களுக்கும் அன்ரிஎக்ஸ் 23இன் 32-பிட் பதிப்பைத்தான் சொல்வேன்.

மின்ற்றின் கோப்பு ஏறத்தாழ 3 ஜிபி. போன் டேட்டாவில் என்றால் இரவு டேட்டாவில் போடுங்கள். நேரடியாக இறக்குவதைவிட டொரன்ற் நல்லது, இடையில் சிக்னல் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும், துண்டு துண்டாகச் சரிபார்த்துக்கொண்டும் வரும். பைபர் இணைப்பு உள்ள வீட்டில் யாரையாவது இறக்கித்தரச் சொன்னால் இன்னும் சுகம்.

இறக்கிய கோப்பைப் பென்ட்ரைவில் எழுதுவதற்கு ரூபஸ் என்ற மென்பொருள். இங்கே ஒரு கண்ணி. இப்போதைய ரூபஸ் வின்டோஸ் 7இல் திறக்காது. 7இல் ஓடும் கடைசிப் பதிப்பு 3.22, ரூபஸ் தளத்தின் பழைய பதிப்புகள் பகுதியில் இருக்கிறது. 8 ஜிபி பென்ட்ரைவ் போதும், அதில் இருப்பதெல்லாம் அழியும். ரூபஸில் மின்ற்றின் கோப்பை (ஐஎஸ்ஓ) தெரிவு செய்த பிறகு, பக்கத்தில் சரி அடையாளம் போட்ட சிறு பொத்தானை அழுத்தினால் எஸ்எச்ஏ-256 என்ற நீண்ட எண் வரும். அதை மின்ற் தளத்தில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள், முதல் ஆறும் கடைசி ஆறும் பார்த்தால் போதும். ஓரெழுத்து வேறானாலும் இறக்கம் பழுது, நிறுவும்போது நடுவழியில் நிற்கும். பிரிவு முறை எம்பிஆர் என்று இருக்கட்டும். உங்கள் லப்டொப் பழைய பயோஸ் (லப்டொப்பைத் தொடக்கிவைக்கும் உள்மென்பொருள்) காலத்தது, அனுமதி இல்லாத மென்பொருளிலிருந்து தொடங்குவதை மறிக்கும் செக்கியுர் பூட் என்ற, புதிய லப்டொப்காரர் படும் தொல்லை உங்களுக்குக் கிடையாது. ஏதும் மேலதிகக் கோப்பு வேண்டும் என்று ரூபஸ் கேட்டால் ஆம் சொல்லுங்கள், எழுதும் முறை கேட்டால் ஐஎஸ்ஓ முறை. அப்படி எழுதியது திறக்காவிட்டால் மட்டும் டிடி முறையில் மறுபடி எழுதுங்கள்.

லப்டொப்பைப் போட்ட உடனேயே, எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும் பூட் மெனுவின் பொத்தானைத் தட்டிக்கொண்டிருங்கள். டெல், லெனோவோ, ஏசர், தோஷிபாவில் பெரும்பாலும் எப்12. எச்பியில் எஸ்கேப், பிறகு எப்9. ஆசஸில் எஸ்கேப். ஏசரில் அந்த மெனு பயோஸுக்குள் மூடப்பட்டிருக்கலாம், எப்2 அழுத்தி உள்ளே போய்த் திறந்துவிட வேண்டும். பென்ட்ரைவைத் தெரிந்தால் மின்ற், டிஸ்கைத் தொடாமல், பென்ட்ரைவிலிருந்தே ஓடும். மெதுவாகத்தான் ஓடும், அதை வைத்து வேகத்தை அளக்காதீர்கள். பார்க்க வேண்டியது வேறு: சத்தம் வருகிறதா, கமரா தெரிகிறதா, வெளிச்சம் கூட்டிக் குறைக்கும் பொத்தான் வேலை செய்கிறதா, வைபை தெரிகிறதா. திரை கறுப்பாக நின்றால் தொடக்க மெனுவில் 'கொம்பட்டிபிலிட்டி மோட்' என்பதைத் தெரியுங்கள்.

வைபை தெரியாவிட்டால் உள்ளே புரோட்கொம் சில்லு இருக்கக்கூடும், அதற்குத் தனி டிரைவர் வேண்டும், டிரைவர் எடுக்க இன்ரநெற் வேண்டும், இன்ரநெற்றுக்கு வைபை வேண்டும்! இந்தச் சிக்கலுக்கு உங்கள் போனே மருந்து. டேட்டா வயரால் போனை லப்டொப்பில் செருகி, போன் அமைப்பில் யூஎஸ்பி டெதரிங்கை (போனின் இன்ரநெற்றை வயரால் பகிர்வது) போடுங்கள். லினக்ஸ் அதை வயர் இணைப்பாக உடனே பிடித்துக்கொள்ளும். நிறுவி முடிந்ததும் மெனுவில் டிரைவர் மனேஜரைத் திறந்தால் வைபைக்கு உரியதை அதுவே காட்டும்.

நிறுவும்போது மொழிப் பட்டியலில் தமிழ் இருக்கும். ஆனாலும் ஆங்கிலத்தையே எடுங்கள். நாளைக்கு ஒரு பிழை வந்தால், ஆங்கிலச் செய்தியை அப்படியே தேடினால்தான் விடை கிடைக்கும். மல்ரிமீடியா கோடெக் (பாட்டும் வீடியோவும் ஓட வேண்டியது) கேட்கும் இடத்தில் சரி போடுங்கள். நேர வலயம் கொழும்பு. டிஸ்கை முழுவதும் அழித்து நிறுவு என்பதை, எஸ்எஸ்டி பூட்டியிருந்தால் துணிந்து தெரியலாம். வின்டோஸையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளும் இரட்டை ஏற்பாடு வேண்டாம். திருத்தம் இல்லாத வின்டோஸ் 7ஐ இன்ரநெற்றில் விடவும் கூடாது, விடாவிட்டால் அது அங்கே இருந்து பலனும் இல்லை.

நிறுவிய கையோடு மூன்று வேலை. ஒன்று, சொப்ட்வெயர் மனேஜரில் 'இசட்ராம் கொன்பிக்' என்பதைத் தேடிப் போடுங்கள். ராம் நிரம்பும்போது உள்ளே இருப்பதைச் சுருக்கி ராமிலேயே வைக்கும், டிஸ்குக்கு ஓடுவது குறையும். ராம் குறைந்த லப்டொப்புக்கு இதைவிட மலிவான வைத்தியம் இல்லை. இரண்டு, அதே மனேஜரில் எந்த மென்பொருளை எடுத்தாலும் 'பிளட்பக்', 'சிஸ்டம் பக்கேஜ்' என்று இரு வகை கேட்கும். சிஸ்டம் பக்கேஜையே தெரியுங்கள். பிளட்பக்கில் சின்ன மென்பொருள் ஒன்றுக்கும் துணைக்கோப்பு நூற்றுக்கணக்கான எம்பி வரும், உங்கள் டேட்டா காட் ஒரே நாளில் முடியும். மூன்று, லினக்ஸைப் பழைய நிலைக்குத் திருப்ப உதவும் ரைம்சிப்ட் எடுக்கும் பிரதிகளை இரண்டாக மட்டுப்படுத்துங்கள். விட்டால் டிஸ்கை நிரப்பிவிடும். அது லினக்ஸை மட்டுந்தான் காக்கும், உங்கள் கடிதங்களை அல்ல.

இனிப் பாமினி. கடிதங்கள் திறக்கும். லினக்ஸில் வேர்ட்டுக்குப் பதிலாக உள்ள லிப்ரே ஒபிஸ் வேர்ட் கோப்புகளைத் திறக்கும், ஆனால் பாமினி எழுத்துரு இல்லாவிட்டால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். பழைய டிஸ்கில் வின்டோஸ் கோப்புறைக்குள் பொன்ற்ஸ் என்ற கோப்புறையில் பாமினிக் கோப்பு இருக்கும், பிரதி எடுங்கள். லினக்ஸில் உங்கள் ஹோம் கோப்புறையைத் திறந்து, கொன்ரோலும் எச்சும் சேர்த்து அழுத்தினால் மறைந்திருக்கும் கோப்புறைகள் தெரியும். அங்கே முற்றுப்புள்ளியோடு தொடங்கும் '.பொன்ற்ஸ்' என்ற பெயரில், ஆங்கிலச் சிறிய எழுத்தில், ஒரு கோப்புறை உண்டாக்கி அதற்குள் ஒட்டுங்கள். லிப்ரே ஒபிஸை மூடித் திறந்தால் எழுத்துத் தெரியும்.

பாமினியில் தொடர்ந்து தட்டவும் முடியும், விசைகள் அதேதான். ஆனால் தட்டுமுன் லிப்ரே ஒபிஸின் ஓட்டோகரெக்டை நிறுத்துங்கள். வசனத்தின் முதல் எழுத்தை அது தானாகப் பெரிய எழுத்தாக்கும். பாமினியில் சிறிய எம் 'அ', பெரிய எம் 'ஆ'. நீங்கள் 'அன்புடையீர்' என்று தட்ட அது 'ஆன்புடையீர்' ஆகிவிடும். ரூல்ஸ் (Tools) மெனுவில் ஓட்டோகரெக்ட் ஒப்சன்ஸ் போய், வசனத்தின் முதல் எழுத்து பற்றியதையும் இரண்டு பெரிய எழுத்துப் பற்றியதையும் எடுத்துவிடுங்கள்.

புதுக் கடிதங்களை, தனி எழுத்துரு இல்லாமலே போனிலும் தெரியும் யூனிகோட் முறையில் தொடங்குவதுதான் என் விருப்பம். பாமினியில் அனுப்பிய கடிதத்தைக் கமநல சேவை நிலையத்தில் ஒருவர் போனில் திறந்தால் அவருக்குத் தெரியாது. கை பாமினிக்குப் பழகியவருக்கு அதற்கு நெருங்கிய ரெங்கநாதன் விசைப்பலகை லினக்ஸிலும் உண்டு. தமிழ் தட்ட உதவும் 'ஐபஸ்', 'ஐபஸ் எம்17என்' இரண்டையும் போட்டு, மெனுவில் இன்புட் மெதட்டில் ஐபஸைத் தெரிந்து, லொக் அவுட் செய்து திரும்ப வந்து, ஐபஸ் அமைப்பில் தமிழுக்குக் கீழ் ரெங்கநாதனைச் சேருங்கள். மகள், 'அம்மா' என்பதை ஆங்கில ஒலியில் தட்டுபவர் என்றால் அதே பட்டியலில் பொனெற்றிக் இருக்கிறது. இரண்டையும் வைத்துக்கொண்டு வின்டோஸ் சின்னம் உள்ள விசையும் ஸ்பேஸும் அழுத்தி மாறலாம்.

மகளின் ஐசிரிக்கு இது வசதியான இடம். பைத்தன் நிரல்மொழி மின்ற்றிலேயே இருக்கிறது, நிரல் எழுத 'ஜீனி' என்ற மென்பொருள் போதும். பிஎச்பி, மைஎஸ்கியூஎல் இரண்டும் சொப்ட்வெயர் மனேஜரில். கிடைக்காதது மைக்ரோசொப்ட் அக்செஸ், அதைப் பாடசாலை ஆய்வுகூடத்தில்தான் பழக வேண்டும். ஈ-தக்சலாவ என்ற இணையவழிப் பாடத் தளத்திலும் கல்வி வெளியீட்டுத் திணைக்களத் தளத்திலும் வேண்டிய பிடிஎப்களை ஒரே முறை இறக்கி வைத்துவிட்டால், பிறகு பிரவுசரே வேண்டாம். யூரியூப் பாடங்கள் விக்கி விக்கி ஓடினால் பயர்பொக்ஸில் 'எச்264இபை' என்ற சிறு இணைப்பைப் போட்டு 480பியில் பாருங்கள். யூரியூப் இப்போது அனுப்பும் புதிய வகை வீடியோவை அந்தக் காலத்துச் சில்லால் இலகுவாக விரிக்க முடியாது.

அமைப்பில் பிரின்ரர் இருந்தால் மாதிரி எண்ணை முதலே பாருங்கள். எச்பி பெரும்பாலும் செருகியவுடன் ஓடும். கனன் எல்பிபி 2900 போன்றவற்றுக்குத் தனி டிரைவர் தேடிப் போட வேண்டும், பொறுமை வேண்டும்.

சூடு. சோளகம் அடிக்கும் மாதங்களில் வன்னிப் புழுதி விசிறிக்குள் கம்பளி போலப் படிந்துவிடும். மெல்லிய தூரிகையால் தட்டியெடுங்கள், ஊதும்போது விசிறி சுற்றாமல் ஈர்க்கு ஒன்றால் பிடித்துக்கொள்ளுங்கள். வேலை செய்யும்போது 90 பாகையை நெருங்கினால் தூசியோடு சேர்த்து, காய்ந்துபோன வெப்பப் பசையையும் மாற்ற வேண்டும்.

கடைசியாகக் கரண்ட். பற்றரி செத்த லப்டொப்பில் நிறுவலை மின்வெட்டுச் சொன்ன நாளில் தொடங்க வேண்டாம். இடி முழங்கினால் சார்ஜரைச் சுவரிலிருந்தே கழற்றுங்கள். இவ்வளவு பழைய லப்டொப்பில் உள்ளே இருக்கும் சிஆர்2032 என்ற காசு அளவுப் பற்றரியும் செத்திருக்கும். அடையாளம்: ஒவ்வொரு முறையும் திகதி பல வருடம் பின்னே போய்விடும். திகதி பிழைத்தால் பிரவுசர் எந்தத் தளத்தையும் 'பாதுகாப்பில்லை' என்று மறிக்கும், லினக்ஸின் புதுப்பிப்பும் ஓடாது. இன்ரநெற் பழுது என்று அலைய வேண்டாம், அந்தக் காசுப் பற்றரியை மாற்றுங்கள்.

ஓடும்போது கரண்ட் போனால் அநேகமாக அடுத்த முறை லினக்ஸ் தானாகவே சரிபார்த்துக்கொண்டு திறக்கும். எப்போதாவது 'இனிற்ராம்எப்எஸ்' என்று கறுப்புத் திரையில் நிற்கும். அதற்கு மேலே உள்ள செய்தியில் டிஸ்க் பிரிவின் பெயர் இருக்கும், சரிவுக்கோடு, டெவ், சரிவுக்கோடு என்று தொடங்கும். 'எப்எஸ்சிகே' என்ற நான்கு ஆங்கில எழுத்து, ஒரு இடைவெளி, கழித்தல் குறியும் 'வை' என்ற ஆங்கில எழுத்தும், இன்னொரு இடைவெளி, பிறகு அந்தப் பெயர், என்ரர். முடிந்ததும் 'எக்ஸிற்' என்று தட்டினால் வழக்கம்போலத் திறக்கும். கரண்ட் போகாத நாளிலும் இதே திரை வந்தால் மெனுவில் 'டிஸ்க்ஸ்' என்பதைத் திறந்து, டிஸ்கின் உடல்நிலையைக் காட்டும் ஸ்மார்ட் விபரத்தைப் பாருங்கள். மாற்றிய செக்டர், காத்திருக்கும் செக்டர் என்ற இரண்டு எண்ணும் சுழியமாக இருக்க வேண்டும். கூடிக்கொண்டு போனால் அன்றே கோப்புகளை வேறிடத்துக்கு மாற்றிவிட்டு எஸ்எஸ்டி வாங்கப் போங்கள்.